சொல்லாமல் கலந்த மருந்து

அண்ணா,

இன்று காலை என் மகளுக்குக் காய்ச்சல். மாத்திரையைக் கரண்டியின் அடியால் நசுக்கிக்கொண்டிருந்தேன். அது நொறுங்கிய சத்தத்தில் கை நின்றுபோனது. "இன்னாம்மா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கம்தானே, உனக்குத் தெரியாததா.

நீ யாரிடமும் படம் வரையக் கற்றதில்லை. நான் வேலை செய்த சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியிலிருந்து கிழிந்த அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவருவேன். நீ நீலப் பேனாவால் அவற்றில் பந்தி பந்தியாக வரைவாய். வரிசையாக ஆட்கள், எதிரே இலைகள். இலையில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகத் தெரியும். பரிமாறுகிறவர்களுக்கு மட்டும் முகம் இருக்காது. ஏன் என்று கேட்டால், "யாருன்னு தெரிஞ்சா வரைய மாட்டேனா? அவங்கதான் எனக்கு மந்து பெட்டிட்டாங்க பாப்பா" என்பாய்.

நம் பக்கத்தில் தமிழில் மருந்து வைத்துவிட்டார்கள் என்றாலும், தெலுங்கில் மந்து பெட்டினாரு என்றாலும் ஒன்றுதான். சோற்றில் எதையோ கலந்து ஆளையே மாற்றிவிடுவது. நோய்க்குத் தருவதற்கும் அதே சொல்தான். திருப்பதியில் நான் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டிய மனநல டாக்டர் உன் காதில் கேட்கும் குரல்களைப் பற்றிப் பொறுமையாகத்தான் விசாரித்தார். கடைசியில் என்னிடம், "மந்துலு மானகூடதம்மா" என்றார். மருந்தை நிறுத்தவே கூடாதாம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நீ எழுந்துவிட்டாய். பஸ் ஸ்டாண்டுக்கு வருமுன்பே மாத்திரை அட்டையைச் சாக்கடையில் வீசினாய்.

நான் வேறு என்ன செய்வேன்? அம்மாவும் நைனாவும் போன பிறகு நீ என் கையால் போட்டால்தான் சாப்பிடுவாய். வேறு மாத்திரை வாங்கி, அந்தக் கையாலேயே நசுக்கிக் குழம்பில் கலந்தேன். கசக்குது என்றாய். அதை மறைக்க வாரத்தில் நாலு நாள் பாகற்காய்க் குழம்பு வைத்தேன். பாவி, எவ்வளவு கெட்டிக்காரத்தனம் எனக்கு!

நீ தூங்க ஆரம்பித்தாய். பெட்டி அட்டைகள் கோடு விழாமல் வெறுமையாகக் கிடந்தன. படம் நின்றால் நோயும் நின்றது என்று சந்தோஷப்பட்டேன். நீயோ அழுதாய். "பேனாவப் புடிச்சிக்கினே இருக்கறேன், கோடு ஓட மாட்டேன்து. யாரோ என் கையக் கட்டிட்டாங்க பாப்பா. உனக்கு ஒண்ணும் தெரியலியா?" தெரியலியே அண்ணா என்றேன். உன் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தேன்.

ஒரு மத்தியானம் நீ அடுக்களைக்கு வந்தது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் உன் களித்தட்டு, என் விரலில் வெள்ளைத் தூள். நீ அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனாய். சில நாளில் உன் கோடு மறுபடி ஓடியது. புதிய பந்தியில் பரிமாறுகிறவளுக்கு முகம் இருந்தது. என் மூக்குத்திகூட இருந்தது.

அடுக்களையில் என்னைப் பார்த்த அன்றிலிருந்தே நீ வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காணிப்பாக்கம் கோயில் அன்னதானத்துக்குத் தினமும் நடந்தே போனாய். அத்தனை பேருக்கும் ஒரே வாளியிலிருந்து போடும் சோற்றில் ஒருவனுக்கு மட்டும் கலக்க முடியாது என்பது உன் நியாயம். பஸ்ஸில் ஏறமாட்டாய். நான் பின்னாலேயே வந்து கெஞ்சுவேன், திரும்பிப் பார்க்கமாட்டாய். கத்திரி வெயிலில் ஒருநாள் பாதி வழியில் விழுந்துவிட்டாய். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நான் ஓடி வந்தபோது உனக்கு நினைவு இருந்தது. தண்ணீர் நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டாய். பிறகு மெல்லச் சொன்னாய்: "மருந்துன்னு சொல்லிக் குடுத்திருந்தா, உன் கையால துன்னிருப்பேனே பாப்பா." சாயங்காலம் போய்விட்டாய்.

நிஜமாகவே தின்றிருப்பாயா அண்ணா? சண்டை போடுகிறேன் உன்னோடு, மனதுக்குள் தினமும். மருந்தென்று சொல்லியே கொடுத்த மாத்திரையைத்தானே சாக்கடையில் வீசினாய் என்று கேட்கிறேன். ஆனால் அது டாக்டர் கொடுத்தது. நான் கொடுக்கவில்லை. என் கையில் வைத்து, இது மருந்து, தின்னு அண்ணா என்று நான் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.