மே மாதம் வீட்டில் இருந்தவருக்கு

மாத்தளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஷெரின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் உங்கள் அம்மாவும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். இதைப் போனில் பேச எனக்குப் பயம். லாபிர் நானா மிளகு வியாபாரமாக மாலே போகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துப் போடுங்கள். போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை நான் மிளகு ஸ்டோரில் இருந்து வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை, சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பொலிஸ் என்றார்கள். பெரியவர் சிங்களம். இளையவர் நம்மைப் போலவே தமிழ் பேசினார். மாலைதீவும் நம் நாடும் சேர்ந்து, கடல் வழியாகப் போதைத் தூள் கடத்துகிறவர்களைத் தேடுகிறார்களாம். அங்கே போட்டில் வேலை செய்கிற நம் ஆட்களின் விபரத்தை இப்போது இரண்டு பக்கமும் கொடுத்து வாங்குகிறார்களாம். "எல்லா வீட்டுக்கும்தான் போகிறோம், பயப்பட ஒன்றுமில்லை நங்கி" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லிப் பெரியவர் சிரித்தார். தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். இரண்டு பேருமே தொடவில்லை.

முதலில் சும்மா கேள்விகள். என்ன போட், என்ன வேலை என்று. தீவு தீவாகச் சாமான் கொண்டுபோகிற போட், அதில் சமையல் என்றேன். அதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பிறகு இளையவர் தலை நிமிராமல் கேட்டார்: "மே மாசம் லீவுல வந்தப்போ, வீட்டுக்கு யார் யார் வந்து அவரைப் பார்த்தாங்க?"

நீங்கள் கடைசியாக இந்த வீட்டுக்கு வந்தது முந்தின வருஷ நத்தார் பண்டிகைக்கு. ஆள் மாறிவிட்டது என்று நினைத்தேன். அவர் உங்கள் பெயரை ஜெஸ்டின் ஞானரட்ணம் என்று பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே சொன்னார். மே மாதம் கட்டுநாயக்காவில் இறங்கி, ஒரு கிழமைக்கு மேல் நீங்கள் இலங்கையில் இருந்திருக்கிறீர்கள்.

மே மாதம்தான் ஷெரின் வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலில் முதல்முறையாக நன்மை, புதுநன்மை வாங்கினாள். லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னீர்கள். அன்று பின்னேரம் நீங்கள் கோல் எடுத்தபோது பின்னால் பஸ் ஹோர்ன் கேட்டது. கடலில் ஏது பஸ் என்று கேட்டேன். பசங்க படம் பார்க்கிறாங்க என்றீர்கள். நான் நம்பினேன்.

இளையவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். வரவில்லை என்று சொன்னால், அப்போது எங்கே இருந்தார் என்று அடுத்த கேள்வி வரும். எனக்குத் தெரியாது என்றால் உங்களை நானே பிடித்துக் கொடுத்த மாதிரி. அதனால் சொல்லிவிட்டேன்: "வீட்டிலதான் இருந்தாரு. நல்ல காய்ச்சல். வெளியே எங்கேயும் போகல, யாரும் வரவும் இல்ல." எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். உங்கள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வந்துட்டு என்னைப் பார்க்காமப் போவானா என் புள்ள?" யார் கேட்டாலும் வந்தார் என்று சொல்லுங்கள் என்றேன். தலையாட்டினார். இன்று பூசையில் எல்லாரும் நன்மை வாங்க எழும்பினபோது பொய்க்குத் தலையாட்டின பாவத்தோடு வாங்கக் கூடாது என்றோ என்னவோ, அவர் மட்டும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையிடம் பொய் சொல்லச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்கூல் லீவுதானே என்று அவளை நாவுலயில் என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே யாரும் போய்க் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் விட்டுப்போன பெரிய பெட்டியின் உள் துணியைக் கத்தியால் கிழித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பிறகு உங்கள் தலையணையையும் பிரித்தேன்.

முன் கடை ஜெயக்காந்தனிடமும் அவர்கள் பேசிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். மறுநாள் பாண் வாங்கப் போனபோது, "அண்ணன் மே மாசம் வந்திருந்தாராமே, ஒருநாளும் கண்ணுல படலியே" என்றான். காய்ச்சல் என்றேன். "அப்படியா அக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எல்லார் மேலும் சந்தேகம் வருகிறது. லாபிர் நானா மேல்கூட ஒரு நிமிஷம் வந்தது. கவரை ஒட்டின இடத்தில் குறுக்கே என் பெயரை எழுதியிருக்கிறேன், பார்த்துத் திறவுங்கள்.

அன்று போகும்போது பெரியவர் வாசல் படலையில் நின்று சொன்னார்: "அங்கேயும் அவரிடம் கேட்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை." அதனால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பின்னறையில் படுத்திருந்தீர்கள். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். ஷெரினுக்கு வெள்ளைச் சட்டையின் பின் பொத்தானைப் போட்டுவிட்டது நீங்கள்தான். கோயிலுக்கு வர உடம்பு முடியாமல், நாங்கள் தெரு முனை திரும்பும் வரை ஜன்னலில் நின்று பார்த்தீர்கள். பொத்தானும் ஜன்னலும் நான் அவர்களிடம் சொல்லாதது. கேட்டால் சொல்ல வைத்திருக்கிறேன்.

எனக்கு மட்டும் உண்மையை எழுதி லாபிர் நானாவிடம் கொடுத்துவிடுங்கள். வேறு ஒருத்தியைப் பார்க்கத்தான் வந்தீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தால் அதையும் எழுதுங்கள். நான் அழுவேன், ஏசுவேன், உங்கள் அம்மா என் பக்கம் நிற்பார். எப்படியோ அது நம் வீட்டுக்குள் முடிகிற விஷயம். செவ்வாய்க்கிழமையில் இருந்து செபமாலையில் நான் கேட்பது இதைத்தான், அது ஒரு பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று.

கடலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும் மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள் மனைவி,
கெத்தரின்