நாலாம் நாள் மழை

மதராஸ்,
20-11-1933

சிரஞ்சீவி மங்கைக்கு அண்ணா சம்பத்குமார் ஆசீர்வாதம். உபய க்ஷேமம்.

மாப்பிள்ளை ரங்கூனிலிருந்து திரும்பும்வரை உனக்குப் பொழுது போகட்டும் என்றுதான் மழை அளக்கும் பாத்திரத்தைக் கொடுத்தேன். ஆடி முதல் நீ எழுதிய கணக்கு என்னைத் தூக்கி நிறுத்திவிட்டது. ஏறக்குறைய இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள் மழையே இல்லை. நாலாம் நாள் கொட்டித் தீர்க்கிறது. சந்திரனின் வேலை என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை காலேஜ் சயின்ஸ் சங்கத்தில் வாசிக்கிறேன். புரொபசர் அப்சர்வேட்டரி வேலைக்குச் சிபாரிசு செய்வாராம். நீ வெறும் கோடு கிழித்த இடங்களில் மழை இல்லை என்று சுழி போட்டுக்கொண்டேன், சோம்பேறி.

சம்பத்து

சின்ன காஞ்சிபுரம்,
22-11-1933

அண்ணாவுக்கு மங்கை அநேக நமஸ்காரம்.

கோடு என்றால் சுழி இல்லை. அந்த நாட்களிலும் மழை பெய்தது, காதால் கேட்டேன். பாத்திரத்தைத் தொடத்தான் முடியவில்லை. அம்மாவுக்கு அளவு பார்க்கத் தெரியாது. எல்லாத் தண்ணீரையும் சேர்த்து நாலாம் நாள் அளந்தேன். ஏன் தொடவில்லை என்று கேட்காதே. அம்மாவிடம் யோசனை கேட்டதற்கு, "அசடே, இதையெல்லாமா அண்ணாவுக்கு எழுதுவா?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், வாசிக்காதே.

மங்கை

மதராஸ்,
27-11-1933

மங்கைக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் சனிக்கிழமை காலையில் வந்தது. பயந்துதான் போனேன். பிறகு யோசித்தேன். சோம்பல் என்ன, இருபத்தெட்டு நாள் கணக்குப் பார்த்தா வரும்? அந்த ஒழுங்கே எனக்குச் சாட்சி. வாசித்தேன், கைதட்டல் ஓய நேரமாயிற்று. காலேஜ் பத்திரிகையில் தேதிகளோடு அச்சாகிறது. 'அளந்தவர்: சகோதரி மங்கை' என்று உன் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன். இப்போது திருப்திதானே?

சம்பத்து

சின்ன காஞ்சிபுரம்,
10-1-1934

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

ஆறு வாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? மாதத்தில் மூன்று நாள் நம் ஆத்துப் பெண்கள் எதையும் தொடாமல் பின்கட்டில் ஒதுங்கியிருப்பதைப் பார்த்துத்தானே வளர்ந்தாய்? நாலாம் நாள் தலைமுழுகிய பிறகுதான் பாத்திரத்தைத் தொட்டேன். உன் சந்திரன் அதுதான்.

பத்திரிகை நேற்று வந்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோவிலிலிருந்து நாலு பேரை அழைத்துவந்தார், என் மாமனார் மாமியாருக்கும் சொல்லி அனுப்பினார். கூடத்தில் உட்கார்ந்து தேதி தேதியாக, என் பெயர் உட்பட, உரக்க வாசித்தார். "சந்திரனையே பிடிச்சுட்டானே உம்ம பிள்ளை" என்றார் மாமனார்.

நாங்கள் கதவோரம் நின்றிருந்தோம். இரண்டாவது தேதிக்கு மாமியார் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். மூன்றாவது தேதிக்கு என்னைப் பார்த்தார். அம்மா தலையை நிமிர்த்தவேயில்லை.

பாத்திரத்தைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வரும்போது எடுத்துக்கொண்டு போ. எனக்கு இனி எழுதாதே.

மங்கை