பேஸ்மென்ட்டில் ஏறிய தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குக் காலையும் மாலையும் வேண்டுதல். சின்னவளுக்குப் பல் வலி என்றாயே, குறைந்ததா? நீ போனில் கேட்டபோதெல்லாம் குழாயில் சின்ன அடைப்பு, வேறொன்றுமில்லை என்று மழுப்பிவிட்டேன். அப்பா காதில் விழுகிற தூரத்தில் வேறு என்ன சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

தனி டாய்லெட்டும் கதவு மூடிய சுத்தமான அறையும் வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதால்தானே அப்பாவைத் தரைக்குக் கீழே பேஸ்மென்ட் அறையில் வைத்திருந்தோம். ஒரு நாளைக்கு நாலு தடவை வயிற்றுக் குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்கி, அவர் கிட்னி செய்ய வேண்டிய வேலையை நாங்கள் இரண்டு பேரும் செய்துகொண்டிருந்தோம். ஒரு மாதமாகவே கீழே டாய்லெட்டில் களக்களக்கென்று ஒரு சத்தம். நான் மேலே சிங்க்கில் தண்ணீர் விட்டால் கீழே பொங்கும். கடையில் அடைப்பெடுக்கிற பவுடர் வாங்கிக் கொட்டினேன், வெந்நீர் ஊற்றினேன், டாய்லெட் அடைப்புக்கு விற்கிற ரப்பர் பம்பை வைத்து என் தோள்பட்டை கழன்று விழுகிற வரை அழுத்தினேன். இரண்டு நாள் சும்மா இருக்கும், மறுபடி ஆரம்பிக்கும். போன ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டு இறங்கிப் போகிறேன், தரையில் தண்ணீர் வடிகிற சல்லடை மூடி வழியாகக் கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பா கட்டில் மேல் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, பெட்டியை எடு, பெட்டியை எடு என்று கத்துகிறார். மருந்துப் பைகள் இருந்த அட்டைப்பெட்டிகளைச் சொல்கிறார். அடி வரிசை முழுக்க ஊறிப்போனது. மேல் வரிசையை ஒவ்வொன்றாகப் படியில் தூக்கி வைத்தேன். அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது கண்ணு. பினாயில் விட்டு மூன்று தடவை கழுவியும் என் கையை என் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

மறுநாள் நர்ஸ் வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, இந்த அறையில இனி ஒரு தடவைகூடப் பண்ணக் கூடாது. சாக்கடைக் கிருமி வயித்துக்குள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து" என்றாள். வீட்டைச் சரிசெய்ய முடியாவிட்டால் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அதுக்கு நான் போயே சேர்ந்துடறேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நன்றாகத் திட்டிவிட்டேன். பிறகு பாத்ரூமில் போய் அழலாம் என்றால், அந்தப் பாத்ரூமும் நிரம்பிக் கிடக்கிறது.

அன்று மத்தியானம் பிளம்பர் வந்தார். தடித்த ஆள், வாய் ஓயாமல் பேசுகிறவர். சுவரோரக் குழாய் மூடியைத் திறந்து சுருள் கம்பியை விட்டு அரை மணி நேரம் திருகினார். முதலில் மெழுகு மாதிரி கொழுப்புக் கட்டி வந்தது. அது என் கைங்கரியம். வாணலி எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றி வெந்நீர் விட்டால் போய்விடும் என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். அதன் பின்னால் வந்ததைப் பார்த்ததும் பிளம்பரே பேச்சை நிறுத்திவிட்டார். கை துடைக்கிற ஈரத்தாளும் ரப்பர் கிளவுஸும் கயிறாக முறுக்கிக்கொண்டு முழம் முழமாக வந்தன. "யாருமா இதையெல்லாம் டாய்லெட்ல போட்டது?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அப்படிப் போடுகிற ஆள் கிடையாது, முன்னால் குடியிருந்தவர்கள் வேலையாக இருக்கும் என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கட்டிலிலிருந்து அப்பா, "நான்தான் போட்டேன்" என்றார். "குப்பையைத் தூக்கிட்டு நாலு வேளையும் படியேறுறா. ஒவ்வொரு படிக்கும் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறா. பாத்துக்கிட்டுப் படுத்திருக்க முடியலப்பா" என்று என்னைப் பார்க்காமல் அவரிடமே சொன்னார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கோபப்படுவதா, அவர் காலைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பிளம்பர் கையைக் கழுவி, சட்டையை மாற்றி, அப்பாவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் கிடத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயேதான் மருந்துத் தண்ணீர் ஏற்றி இறக்குகிறோம்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். குழாய் மறுபடி நேற்று களக்கென்றது. பிளம்பர் வந்து பார்த்தால், வெளியே தெருவோரம் மண்ணுக்குள் குழாயே அமுங்கிவிட்டதாம், தோண்ட அனுமதி கிடைக்க மூன்று வாரமாகுமாம். குளிக்கவும் துவைக்கவும் எதிர்வீட்டு டீச்சர் வீட்டுக்குப் போகிறேன். அதுகூடப் பரவாயில்லை. முந்தாநாள் அப்பா வயிற்றிலிருந்து இறங்கிய தண்ணீர் கலங்கலாக இருந்தது. கலங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், ஓடினோம். கிருமி போயிருக்கிறது என்று மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மருந்து பிடிக்கிறதா என்று தெரிய இன்னும் இரண்டு நாள் ஆகும். இன்று காலை இறங்கிய தண்ணீர்ப் பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என்னால் தனியாக இனி முடியாது கண்ணு. உனக்குப் பிரசவம், பரீட்சை, வேலைமாற்றம் என்று ஏதாவது இருந்துகொண்டே இருந்ததால் உன்னை ஒரு நாளும் நான் வா என்று கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடுகிறேன், வந்துவிடு. பத்து நாள் போதும். மாப்பிள்ளையிடம் நான் சொன்னேன் என்று சொல், அவர் தட்டமாட்டார்.

நீங்கள் மூவரும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். சின்னவளுக்கு என் முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே. அப்பாவிடம் பேசும்போது லீவு கிடைத்தது, அதனால் வருகிறேன் என்று சொல். நான் கூப்பிட்டேன் என்று தெரிந்தால், தன் உடம்பு அவ்வளவு மோசமா என்று பயந்துவிடுவார்.

உன்னை எதிர்பார்த்து,
அம்மா