குருமலை விலக்கு

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

காலை 7.10 கழுகுமலை வண்டி. இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவன், இன்று முதல்முறையாகப் பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஓட்டியது புது ஆள். செகண்டில் இழுக்க வேண்டிய மேட்டில் தேர்டிலேயே வைத்து வண்டியைத் திணறடித்தார். வாயை மூடிக்கொண்டு இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "உங்க காலு எதுக்கு கீழ மிதிக்குது? இங்கன பிரேக் இல்ல" என்று ஆவுடைத்தாய் சிரித்தாள்.

கழுகுமலை எனக்கு இரண்டு நிமிடத்து ஊர். ஆள் இறங்கும், ஏறும், விசில், கிளம்பு. மலைமேல் என்ன இருக்கிறது, ஒருநாள் காட்டுங்கள் என்று கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ரிட்டயர்டு ஆகட்டும் என்பேன். மே மாதம் ஆகிவிட்டது. ஜூலையில் டாக்டர் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார். இப்போது அவசரம் அவசரமாக ஒவ்வோர் ஊராகப் பார்க்கக் கிளம்பியிருக்கிறோம்.

வெட்டுவான் கோவில் ஒரே பாறை. மேலே ஆரம்பித்துக் கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடிப்பகுதி முடியவில்லை. "ஏன் பாதியில விட்டுட்டுப் போனாங்க?" என்று கேட்டாள். அந்தப் பக்கப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணச் சிலைகள். இடது பக்கம் உள்ளதைப் பார்க்க முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. இறங்கும்போது அவள் என் இடது முழங்கையை விடவே இல்லை.

செப்டம்பர் 10

இந்த நோட்டிலாவது உண்மையை எழுத வேண்டும்.

கண் நீர் அழுத்தம் என்றார் டாக்டர். இடது கண் முழுவதும் போய்விட்டது. வலது கண்ணும் ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டு வருகிறது. போன பார்வை திரும்பாதாம். எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்டார். ஆவுடைத்தாய் பக்கத்தில் நின்றாள். "ரெண்டு மாசமா" என்றேன்.

நாலு வருடம். பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி மங்கலாகத் தெரிந்த அன்றே எனக்குத் தெரியும். டெப்போவில் நடக்கும் கண் பரிசோதனையில் முதலில் வலது கண்ணால் படிக்கச் சொல்வார்கள். அட்டையில் உள்ள எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். அடுத்து வலது கண்ணை மூடச் சொல்வார்கள். அட்டை அதேதான். மனதில் இருந்ததை ஒப்பித்துவிடுவேன். சந்தேகம் வரக்கூடாதென்று கடைசி வரியில் ஓர் எழுத்தைத் தப்பாகச் சொல்வேன். என்ன புத்திசாலித்தனம்.

சொல்லியிருந்தால் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு டெப்போ கேட்டில் உட்கார வைத்திருப்பார்கள். அந்தக் கௌரவத்துக்காகக் கண்ணைக் கொடுத்துவிட்டேன். அப்போதே வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தியிருக்கலாமாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எட்டயபுரம் அரண்மனை. வெளியிலிருந்துதான் பார்த்தோம். சுவரில் ஆலஞ்செடி முளைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். எத்தனை ஆயிரம் தடவை அந்த ஊரில் வண்டியை நிறுத்தியிருப்பேன்.

செப்டம்பர் 29

அடுத்த வாரம் குருமலைக்குப் போவோம் என்கிறாள். அங்கே புள்ளிமான் இருக்கிறதாம், அவள் இதுவரை காட்டு மானைப் பார்த்ததே இல்லையாம். வேறு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றேன். "ஏன், மலை உங்கள என்ன செஞ்சுச்சு?" என்றாள்.

அக்டோபர் 2

மலைக்கு ரோடு பிரிகிற குருமலை விலக்கில் போன வருடம் பங்குனியில் ஓர் ஆட்டை அடித்தேன். சினை ஆடு. இடது முன்சக்கரம். சத்தம் கேட்டுத்தான் எனக்கு விஷயமே தெரியும். ஆடு குறுக்கே பாய்ந்துவிட்டது என்றேன். அது பாயவில்லை, ரோட்டோரமாக நின்றிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

கண்டக்டர் நவநீதகிருஷ்ணன் இறங்கிப்போய், ஆடு மேய்த்த அம்மாளைச் சத்தம் போட்டான். "கண்ணு தெரியலயா உனக்கு? ஆட்ட ரோட்டுல விட்டுட்டு எங்க பராக்கு பாக்க?" வண்டிக்குள் இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். நான் சீட்டை விட்டு இறங்கவில்லை. நாலு நிமிடம் லேட். கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

போனோம். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

விலக்கில் இறங்கி மலையடிவாரத்துக்கு நடந்தால், சுள்ளிக்கட்டோடு எதிரே வருகிறாள். அதே அம்மாள். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"டிரைவர் அண்ணாச்சிதான? சொகமா இருக்கியளா?" கட்டை இறக்கி வைத்தாள். பெயர் முத்துமாரி. "அன்னைக்கு எம்மேலதான் தப்பு அண்ணாச்சி. பாவம், உங்களுக்கு வேற லேட்டாயிட்டு. ஒருநா கண்டா மன்னிப்புக் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

ஆவுடைத்தாய் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

ஆடுகள் எங்கே என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டுமே. "வித்தாச்சு. எம்மவன் பாண்டிராஜ், ஒனக்குக் கண்ணு தெரியல, இனி மேய்க்கப் போவாதன்னு பதினாலு உருப்படியையும் வித்துட்டான். தீப்பெட்டி ஆபீஸ்லயும் கண்ணு தெரியாத பொம்பளைய வேலைக்கு எடுக்க மாட்டேனுட்டாங்க. நாலு பேரு சொன்னா சரியாத்தான இருக்கும்."

மான் பார்க்க வந்தோம் என்று ஆவுடைத்தாய் சொன்னதும், எங்களைக் கூட்டிக்கொண்டு சரிவில் கொஞ்சதூரம் ஏறினாள். நின்றாள். கையைக்கூட நீட்டவில்லை, மெதுவாகச் சொன்னாள். "மதினி, அந்தா, ரெண்டு மரத்துக்கு நடுவுல. நிக்குது ஒண்ணு, படுத்துக்கிடக்குது ரெண்டு. நிக்குததுக்கு வலது கொம்புல நுனி ஒடஞ்சிருக்கு."

ஆவுடைத்தாய் ரொம்ப நேரம் தேடித்தான் கண்டுபிடித்தாள். எனக்குப் பழுப்பு நிறம் மட்டும் தெரிந்தது. இவளுக்கா கண் தெரியாது?

அக்டோபர் 7

மன்னிப்புக் கேட்கிறாள். என்கிட்ட. அவ கேக்குதா மன்னிப்பு. நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லம்மா" என்று சொன்னேன். சொன்னேனே— இந்த வாயாலதான் சொன்னேன்.

அக்டோபர் 11

நவநீதகிருஷ்ணனிடம் போனில் சொன்னேன். கண் விஷயம் முழுவதையும். "அண்ணாச்சி, இத என்கிட்ட சொன்னதோட நிறுத்திக்கிடுங்க. ஆடு போயி ஒண்ணரை வருசம் ஆச்சு. யாராவது பெட்டிஷன் எழுதுனா உங்க பென்ஷனும் போகும், என் வேலையும் போகும்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அக்டோபர் 20

ஆவுடைத்தாயிடம் சொல்லிவிட்டேன். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது. அட்டையை ஒப்பித்தது, நாலு வருடம், ஆடு, எல்லாம்.

திட்டுவாள் என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். "ரெண்டு வருசம் முந்தி நம்ம மகள வளைகாப்பு முடிஞ்சு கூட்டிட்டு வந்தது உங்க வண்டியிலதான். மொத சீட்டுல உக்கார வச்சேன். அப்பா ஓட்டுதாவ, பயமில்லாம தூங்குன்னு சொன்னேன்."

எழுந்து கை கழுவப் போய்விட்டாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அக்டோபர் 21

பேசவில்லை.

அக்டோபர் 24

பேசவில்லை. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விட்டுவிடுகிறாள்.

நவம்பர் 2

தீபாவளி போயிற்று. இன்றுதான் பேசினாள். ஒரே பேச்சு. "நாளைக்கு அந்த அம்மா வீட்டுக்குப் போறோம். நானும் வாரேன்."

நவம்பர் 3, ஞாயிறு

நல்ல மழை பெய்திருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு படி கனத்தது. முத்துமாரி வீட்டு வாசலில் பாண்டிராஜ் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். கம்பெனி வேலைக்குப் போகிற ஆள், கல்யாணமானவன். உட்காரச் சொன்னான். நின்றுகொண்டே சொன்னேன். அன்றைக்கு உன் அம்மா பேரில் தப்பில்லை, ஆடு ஓரத்தில்தான் நின்றது, எனக்குத்தான் ஒரு கண் இல்லை, அது தெரிந்தே ஓட்டினேன்.

அவன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். "இத்தன நாளு எங்க போயிருந்தீங்க? வயசுக்குப் பாக்கேன். இல்லன்னா வேற மாதிரி ஆயிரும்." அப்படி ஆகியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

முத்துமாரி கதவைப் பிடித்தபடி நின்றாள். மகனைத்தான் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டியாலே" என்றாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆவுடைத்தாய் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் இரண்டு பேருமே திரும்பவில்லை.

நவம்பர் 5

நடந்ததையெல்லாம் டெப்போவுக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். நவநீதகிருஷ்ணன் பேரை எழுதவில்லை. ஆனாலும் அவன் என் போனை எடுப்பதில்லை.

நவம்பர் 19

வலது கண்ணில் ஆபரேஷன்.

டிசம்பர் 8

எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது. கோடு தெரியவில்லை. நான் எழுதினதை எனக்கே

2025 ஜனவரி 12, ஞாயிறு

நான் ஆவுடைத்தாய். இனி இந்த நோட்டில் எழுதுவது என் கை. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

ஆபரேஷனால் பிரயோஜனம் இல்லை. வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். டெப்போவிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

காலை 8.20 வண்டியில் குருமலைக்குப் போனோம். இதையும் எழுது என்கிறார்: கண்டக்டர் சத்தம் கொடுப்பதற்கு முன்னாலேயே, பள்ளத்தில் வண்டி குலுங்கியதை வைத்து, விலக்கு வந்துவிட்டது என்று அவர் சொல்லிவிட்டார். உண்மைதான். சொன்னார்.

முத்துமாரிக்குப் பாண்டிராஜ் இரண்டு பெட்டை ஆடு வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவற்றை ஓட்டிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவள் இவரிடம் இன்னும் பழையபடி பேசுவதில்லை. ஆனாலும் மேடு வந்த இடத்தில் நின்று, இவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். கம்பு விளைந்து நிற்கிறது. மான் இறங்கி வருகிற காலமாம்.

மான் பார்த்தோம் என்று எழுது என்றார். எத்தனை என்று போட வேண்டும் என்று கேட்டேன்.

"முத்துமாரி எத்தனைன்னு சொன்னா?"

அவள் ஒன்பது என்றாள். எனக்கு ஏழுதான் தெரிந்தது. ஒன்பது என்று எழுதியிருக்கிறேன்.