இருநூற்றுப் பத்து கிலோ

முதல் வாரம், திங்கள், 06:10

எங்களைக் குண்டாக்கியது கம்பெனி.

நிலவின் தென்முனையில் இந்தப் பனிச் சுரங்கத்தில் மூன்று பேர் இருக்கிறோம். துளையிடும் இயந்திரம் ஓட்டும் இசக்கிராஜ். காற்று, தண்ணீர், சமையல் மூன்றையும் பார்க்கும் அப்துல் லத்தீப். மருத்துவப் பணிக்கு வந்த நான், ஜெசிந்தா. ஒன்றரை வருடமாக எங்களுக்கு வந்தது மைதா பிஸ்கட்டும் சர்க்கரைப் பசையும். விலை குறைவு, கெடாது. நடைப்பயிற்சி இயந்திரம் பழுதாகி உதிரிபாகம் கேட்டோம். அதற்குப் பதிலாகப் புதிய துளைமுனை வந்து இறங்கியது. பதினான்கு மணி நேர ஷிப்ட், பாதித் தூக்கம். இப்போது எங்களுக்குச் சுயக்கட்டுப்பாடு போதவில்லையாம்.

எடை: நான் 66, லத்தீப் பாய் 71, இசக்கி அண்ணன் 94. தராசு காட்டுவதை ஆறால் பெருக்கிப் பூமிக் கணக்கில் எழுதுகிறேன். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி.

முதல் வாரம், திங்கள், 11:30

பூமியிலிருக்கும் தரைக் கட்டுப்பாட்டு அதிகாரி வித்யாதரனிடமிருந்து:

"குட் மார்னிங் டீம். ரிட்டர்ன் கப்பல் பதினஞ்சாவது வாரம் வருது. மூணு பேரும் சேர்ந்து இருநூத்திப் பத்து கிலோவுக்குள்ள இருக்கணும். தாண்டினா ரெண்டு பேரத்தான் ஏத்த முடியும். ரெண்டு டயட் பிளான் அனுப்பிருக்கோம். ஜெசிந்தா மேடம், நீங்களே ஒண்ண செலக்ட் பண்ணிக் கையெழுத்து போட்டுடுங்க."

தங்குகிறவருக்கு அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டேன். "அது இன்னும் முடிவாகல மேடம்."

கையெழுத்து மட்டும் முடிவாகிவிட்டது.

முதல் வாரம், செவ்வாய், 07:00

முதல் திட்டம்: ஒரு நாளைக்கு ஒரு கஞ்சிப் பொட்டலம், கூடவே உடம்பு நீரை இறக்கும் மாத்திரை. ஆறே வாரத்தில் தராசு சிரிக்கும். கம்பெனிக்குச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். ஆனால் போவது நீரும் சதையும். நிலவில் ஏற்கெனவே சதை கரைகிறது. ஏழாவது வாரம் பசி திரும்பி வரும், எடையும் கூடவே வரும்.

இரண்டாவதில் கையெழுத்திட்டேன். வளர்ப்புத் தொட்டியில் முளைகட்டிய பயறு, வெந்தயக்கீரை, சோயா. மூன்று வேளையும் உண்டு, அளவோடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிஸ்கட் உண்டு. அதையும் பிடுங்கினால் யாரும் பதினைந்து வாரம் தாங்க மாட்டார்கள். முதுகில் கல் மூட்டையோடு தினம் ஒரு மணி நேர நடை. ஆளுக்கு வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும். ஊருக்குப் போன பிறகும் இப்படியே சாப்பிடலாம்.

முதல் திட்டத்தின் மாத்திரைகளை மருந்து அலமாரியிலேயே விட்டுவைத்தேன். அலமாரிக்குப் பூட்டு கிடையாது.

மூன்றாம் வாரம், வியாழன், 13:15

சுரங்கத்துக்கும் சமையலறைக்கும் இடையே ரேடியோவில் ஓடியது:

"வே பாய், இன்னைக்கும் பயறுதானா? நாம என்ன குதிரையா?"

"குதிரன்னா ஓடும்லா. நீரு ஒக்காந்தே கெடக்கீரு."

"என் தட்டுல மிச்சம் வச்சிருக்கேன், நீரு தின்னும். எனக்கு வயிறு ரொம்பிட்டு."

"ரொம்பிட்டா? ஒமக்கா? கேக்கவே நல்லாருக்கு."

நானும் சிரித்தேன். பதிவில் இருக்கட்டும்.

ஐந்தாம் வாரம், ஞாயிறு, 08:00

நான் 63. இசக்கி அண்ணன் 86. லத்தீப் பாய் 75.

மொத்தம் சரியாகத்தான் இறங்குகிறது. ஆனால் பாய் நான்கு கிலோ ஏறியிருக்கிறார். சமையலறை அவர் கையில். ரேடியோவில் எல்லோரும் கேட்கவே கேட்டேன்: "பாய், ஒளிச்சு வச்சுச் சாப்பிடுறீங்களா?"

பாய் ரேடியோவை அணைத்துவிட்டார். இசக்கி அண்ணன் துளை இயந்திரத்தை முடுக்கினார்.

ஐந்தாம் வாரம், செவ்வாய், 10:42

சுரங்கத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. இசக்கி அண்ணனிடமிருந்து சத்தம் இல்லை. பாய் உடை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

"கீழ கெடக்கான் புள்ள. கண்ணு சொருகுது. இழுத்துட்டு வாரேன், கதவத் தொறந்து வையி... ஜெசிந்தா, ஒண்ணு சொல்லணும். நான் ஒளிச்சுத் திங்கல. தெனம் அவன் பங்குல முக்கால்வாசிய என் தட்டுல தள்ளுவான். தட்டுல வச்சத எப்படி வேணாங்கறது? சோத்த ஒதுக்குனா மொகத்துல துப்புனாப்ல இல்லையா? வயிறு ரொம்பிட்டுன்னுதான் சொன்னான். நான் நம்பிட்டேன்."

10:58. உள்ளே கொண்டுவந்துவிட்டோம். இதயத் துடிப்பு தாறுமாறு. பொட்டாசியம் அடிமட்டத்தில். உடை கழற்றும்போது பையிலிருந்து மாத்திரை அட்டை விழுந்தது. பாதி காலி.

ஐந்தாம் வாரம், வெள்ளி, 09:20

பிழைத்துக்கொண்டார். மருத்துவ அறையிலிருந்து இன்டர்காமில்:

"நாந்தானே குண்டு, தங்கச்சி. எனக்காக நீங்க ரெண்டு பேரும் ஏன் வாயக் கட்டணும்? அதான் வெரசா எறக்கிரலாம்னு பாத்தேன்."

"அண்ணே, நீங்க இறக்கினத பாய் ஏத்திக்கிட்டாரு. நம்மள ஒத்தத் தராசுலதான் நிறுக்குறானுவ."

"அப்ப பாயி என்னய ஏமாத்திட்டாரு."

"ஏமாத்துனது யாரு வே? படுத்துக் கெடந்தும் வாய் கொறையல பாரு!"

இனி மூவரும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில். அவரவர் தட்டு அவரவருக்கு. மீதி வைத்தால் நாளை குறைத்துப் பரிமாறப்படும், அடுத்தவர் தட்டுக்குப் போகாது. மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டிவிட்டேன்.

பதினான்காம் வாரம், ஞாயிறு, 08:00

நான் 60. லத்தீப் பாய் 66. இசக்கி அண்ணன் 83.

இருநூற்று ஒன்பது.

மூன்று முறை நிறுத்தோம். பாய் இசக்கி அண்ணனைத் தூக்கிச் சுற்றினார், இங்கே அது பெரிய காரியமில்லை. யாருக்கும் தலைசுற்றல் இல்லை, கால் நடுக்கம் இல்லை. பிஸ்கட்டை உடைத்துத் தேநீரில் நனைத்துத் தின்றோம். 08:30க்குத் தரைக்குச் செய்தி அனுப்பினேன்.

பதினான்காம் வாரம், ஞாயிறு, 16:05

"சூப்பர் டீம்! உங்க டிசிப்ளின பாத்து மேலிடமே அசந்துட்டாங்க. அந்த நம்பிக்கையில கனிம மாதிரிப் பெட்டி ரெண்டு கூடுதலாச் சேத்திருக்கோம். லிமிட் இப்ப நூத்தித் தொண்ணூறு. ஒரு வாரம் இருக்கு. முடியலன்னா யார் தங்குறதுன்னு நீங்களே பேசி முடிவெடுத்து, மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க."

குறைத்துக் காட்டினோம் அல்லவா, அதுதான் தப்பு.

பதினான்காம் வாரம், புதன், 12:40

மேசையில் மூன்று தட்டுகள். ஒன்று மட்டும் காலி, அது என்னுடையது. மற்ற இருவரும் பசிக்கவில்லை என்கிறார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

இசக்கி அண்ணன் சுரங்கத்திலிருந்து, எனக்கு மட்டும் கேட்கும் அலைவரிசையில்: "அந்த மாத்திர இன்னும் கெடக்கா தங்கச்சி?"

பத்து நிமிடம் கழித்து லத்தீப் பாய், சமையலறையிலிருந்து: "புள்ள, தண்ணி குடிக்காம எத்தன நாளு தாங்கும்?"

 

பதினான்காம் வாரம், வெள்ளி, 09:00

பாய்க்கு உதடு வெடித்திருக்கிறது. இசக்கி அண்ணன் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். நாடி பார்க்கக் கை நீட்டச் சொன்னால் நீட்டவில்லை. வாயைத் திறந்து ஊட்டவா முடியும்.

தங்குவது யார் என்ற தாளில் கையெழுத்திட மாட்டேன். இதை யார் கண்டெடுத்தாலும் தெரிந்துகொள்ளுங்கள், அந்தத் தாள் வெறுமையாக இருக்கும். அதில் என் கையெழுத்து இருந்தால் அது என்னுடையதல்ல.

09:15. தரைக்கு அனுப்பியது:

"வித்யாதரன், ஜெசிந்தா பேசுறேன். டயட் பிளான் முடிஞ்சுது. நாங்க குறைக்க வேண்டியதக் குறைச்சாச்சு. இனி நீங்க குறைங்க. ரெண்டு பெட்டியையும் எறக்குங்க. மூணு ஆள ஏத்துறோம்னு சொல்லுங்க. அதச் சொன்னாத்தான் இவங்க சாப்பிடுவாங்க."

09:35. இணைப்பு நன்றாக இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. பதில் இல்லை.

09:50. மறுபடி அனுப்பினேன்.

10:20. பாய் விழுந்துவிட்டார்.

10:31. "வித்யாதரன், மைக்குல ஆள் இருக்கீங்கன்னு தெரியுது, மூச்சு கேக்குது. பெட்டிய எறக்குறீங்களா? ஆமான்னு ஒரு வார்த்த. பாயோட காதுல விழுற மாதிரி சொல்லுங்க. சொல்லுங்க."

10:44.

10:52. "சொல்லுங்க"