வளர்ச்சியை அடக்கும் ஜீன்

மார்ச் 4

வீட்டில் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது நாங்களே போட்ட விதி. இன்று பல் தேய்க்கும்போதே என் மனைவி அதை மீறினாள்.

"அந்த ஜீனை எடுத்துட்டேன்ல, செல்லு சாகல. கன்னாபின்னான்னு வளருது. வந்து பாரு."

ஆய்வகத்துக்குப் போனதும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன.

"வேற செல்லு கலந்திருக்கும்," என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. குழந்தைக்காக வேலையை விட்டிருந்தவள், போன கோடையில்தான் திரும்பி வந்தாள். ஆய்வகத்தை நடத்தும் புரொபசரிடம் பேசி இந்த இடத்தை வாங்கித் தந்தவனே நான்தான். என் மனைவிதானே, நான் சந்தோஷப்பட்டால் என்ன?

மார்ச் 7

இந்த ஜீனோடு எத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்! ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஆள் உயரத்தைத் தாண்டும். அதைப் புரதங்களில் சுற்றிச் சுருட்டிய கட்டுதான் குரோமாட்டின். கட்டு தளர்ந்த இடத்தில் இருக்கும் ஜீன் பேசும். இறுகிய இடத்தில் இருப்பது வாயை மூடிக்கொள்ளும். வளரும் செல்களில் எங்கள் ஜீனின் புரதம் கூடுவதைப் பார்த்து, இதுதான் கட்டைத் தளர்த்தி வளரச் சொல்கிறது என்று கட்டுரை எழுதினேன். அதை வைத்துத்தான் எனக்கு இந்த நாற்காலியே.

அவள் இன்று சொன்னது: "கூட்டம் சேர்ற இடத்துல போலீஸ் நிக்கிறாங்க. அதுக்காக போலீஸ்தான் கூட்டத்தைச் சேர்த்தாங்கன்னு சொல்லுவியா?"

என் பழைய கட்டுரையை எடுத்துத் திரும்பப் படித்தேன்.

மார்ச் 12

புரொபசர் எல்லோர் முன்னாலும் அவளிடம், "உனக்குக் கண்ணு இருக்கும்மா," என்றார். எனக்கு இதுவரை மூக்குக் கண்ணாடி மட்டும்தான் போல.

மார்ச் 15

புதிய செல்கள் எடுத்து, அவள் செய்ததையே முதலிலிருந்து செய்யத் தொடங்கியிருக்கிறேன். இன்குபேட்டரின் கீழ்த்தட்டில், பின்வரிசையில். அவளுக்குத் தெரியாது. அவள் செய்தது தப்பு என்று தெரிந்துவிட்டால் போதும். அதற்கப்புறம் நானே அவளைச் சமாதானப்படுத்துவேன். ச்சீ, என்ன மனுஷன் நான்?

மார்ச் 23

எங்கள் மகள், சின்னவள், தன் பொம்மைக்கு வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறாள். யார் இது என்றேன். "அம்மா." பக்கத்தில் தரையில் கிடந்த கரடி நானாம்.

ஏப்ரல் 3

என் செல்களும் வளர்ந்திருக்கின்றன. அவளுடையதைவிட அழகாக. ஜீனைத் திருப்பிச் செலுத்திய தட்டில் வளர்ச்சி அடங்கிவிட்டது. கட்டு தளர்ந்த இடங்களைக் காட்டும் என் சோதனையையும் செய்தேன். ஜீன் இல்லாத செல்களில், வளரச் சொல்லும் பகுதி திறந்த வீடாகக் கிடக்கிறது. இந்தப் புரதம் அங்கே கட்டை இறுக்கிப் பிடிக்கிறது. அடக்கி வைப்பதுதான் இதன் வேலை.

நான் இத்தனை நாள் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

ஏப்ரல் 4

சொல்லவில்லை.

ஏப்ரல் 7

இன்று கூட்டத்தில் புரொபசர் அவள் முடிவை நிறுத்தி வைத்துவிட்டார். "வேற ஒருத்தர் செஞ்சாலும் இதே முடிவு வரணும். அதுவரைக்கும் இதைத் தள்ளி வைம்மா. பழைய முடிவோடவே போவோம்." பழைய முடிவு என்றால் என்னுடையது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அவள் பாத்திரம் கழுவினாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் கழுவினாள், சின்னவளுக்கு அழுகை கேட்கக் கூடாதென்று. எனக்குக் கேட்டது.

குழாயை மூடினேன். "எனக்கும் அப்படியேதான் வந்துச்சு."

"என்னது?"

"செல்லு வளர்ந்துச்சு. ஜீனைத் திருப்பிக் குடுத்தா நின்னுடுச்சு. நானும் செஞ்சு பாத்தேன்."

"எப்போ தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னிக்கு நான் அங்க நிக்கும்போது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எதுக்குச் செஞ்ச?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "நீ சொல்றது தப்புன்னு காட்டறதுக்கு."

கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டாள். "அப்போ ரொம்பக் கவனமாத்தான் செஞ்சிருப்ப," என்றாள். போய்ச் சின்னவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 8

புரொபசரிடம் எல்லாப் படங்களையும் கொடுத்தேன். என் பழைய முடிவு தப்பு என்றும் சொன்னேன். சொல்லிவிட்டுக் கழிவறையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏப்ரல் 19

இன்றுதான் என்னிடம் பேசினாள். "உப்பு எங்க?" அவ்வளவுதான்.

செப்டம்பர் 21

கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது என்னுடையது. மாநாட்டில் பேச அவள் போயிருக்கிறாள். சின்னவளோடு நான் வீட்டில். மடிக்கணினியில் பார்த்தோம். சரளமாகப் பேசினாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சின்னவள் கட்டில்மேல் ஏறித் தட்டினாள்.

முடிந்ததும் போன் செய்தாள். "எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"பொறாமையா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பரவாயில்ல, இப்பவாவது கேட்டதும் சொல்ற. காலையில ஸ்டேஷனுக்கு வந்துடு. பை கனமா இருக்கு."

"வரேன்," என்றேன். சின்னவளும் வருவாள். அவளுடைய ஒரு செருப்பைத்தான் காணோம், தேட வேண்டும்.