கொழுத்த பைப்பும் ஒரு கையுறையும்

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பில் சோறு இல்லை. நம் பொம்மைக் காரின் புகைக்குழாய்தான் சோப்புத் தண்ணீரில் கொதித்தது. அறை முழுக்க விளக்கெண்ணெய் வாசம். நீ போன பிறகு இந்த வாசம் வந்தது இன்றைக்குத்தான். கரண்டியும் கையுமாகக் கொஞ்ச நேரம் அழுதேன். நீ பார்த்திருந்தால், "இன்னாடா, வெங்காயமா அரிஞ்ச?" என்றிருப்பாய்.

முதல் தடவை இப்படிக் கொதிக்க வைத்தபோது பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே சோறு பொங்கினோம். விளக்கெண்ணெய் தன் வேலையைக் காட்டியது. மறுநாள் கம்பெனி லைனில் நிற்க முடியாமல் நானும் நீயும் மாறி மாறி ஓடினோம். "ரெண்டு பேருக்கும் சேந்தா மாதிரியா வரும்?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "ஒரே ரூம் சார்" என்றாய் நீ, முகத்தை அவ்வளவு பாவமாக வைத்துக்கொண்டு.

ஊருக்குத் திரும்பிய கொரிய இன்ஜினீயர் யாரோ பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டுப் போன கார் அது. விளக்கெண்ணெய் கலந்த நைட்ரோ எரிபொருளில் ஓடும் நிஜ இஞ்சின், கையில் ரிமோட். அதன் பெட்டியில் புகை போக இரண்டு பைப் இருந்தன. ஒன்று நீளமாக, நடுவில் தொந்தி வைத்தது. இன்னொன்று ஒல்லி. தொந்தி பைப் போட்டால் கார் எடுத்த எடுப்பிலேயே இழுக்கும். ஒல்லி பைப் மெதுவாகக் கிளம்பி, கடைசியில் பறக்கும். எனக்கு ஒல்லிதான் வேண்டும். நீ விடவில்லை.

"இன்னாத்துக்குடா ஸ்பீடு? இந்த மண்ல மொதல்ல எழும்பிப் போவட்டும்."

"ஓட்டுதது நானா நீயால?"

"நீதான் ஓட்டுற. பொதையில மாட்டுனா தூக்கினு வரது யாரு?"

சேரப்பணஞ்சேரிப் பக்கம் பிளாட் போட்டு யாரும் வீடு கட்டாத, மண் மூடிய அந்தத் தார் ரோட்டில், ஒரு முனையில் ரிமோட்டோடு நான் நிற்பேன், மறுமுனையில் நீ. டேங்க் காலியாகும் முன் காரை உன்னிடம் அனுப்பிவிட வேண்டும். கம்பெனியில் கொடுத்த காட்டன் கையுறையை மாட்டிக்கொண்டு, பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைப்பாய். புகை போக வழியில்லாமல் இஞ்சின் அடங்கும். பிறகு கையைத் தூக்கிக் காட்டுவாய். அதைப் பார்த்த பிறகுதான் நான் ரிமோட்டை அணைக்க வேண்டும். முந்தி அணைத்தால் கார் தறிகெட்டு ஓடிவிடும். "கடசி சொட்டு வரிக்கும் வுடாத. கத்திக்கினே சாவும், பாவம்டா" என்பாய். உயிருள்ளதைப் போலத்தான் அதைப் பேசுவாய்.

நீ கத்தவில்லை. காலை ஷிப்டுக்கு ஷூ மாட்டக் குனிந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாய். தண்ணீர் கொண்டுவந்தேன், நீ குடிக்கவில்லை.

உன் கட்டிலுக்கு இன்னும் ஆள் போடவில்லை. வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். போன வாரம் ஒல்லி பைப்பை மாட்டிக் காரை எடுத்துப்போனேன். கடைசியில் பறந்தது, நான் சொன்னபடியே. இத்தனை நாள் சண்டையில் நான்தான் ஜெயித்தேன். ஆனால் ஜெயித்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்ல? மறுமுனையில் ஆள் இல்லாததால் கார் கடைசிச் சொட்டு வரை ஓடியது. நீ சொன்னதுபோலவே கத்தியது. காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி அதைக் கத்த விடுவதில்லை என்று.

அதனால்தான் விரிசல் விட்ட உன் தொந்தி பைப்பை இன்று கொதிக்க வைத்தேன். எண்ணெய் போகாமல் கொண்டுபோனால் ஆர்கான் வெல்டிங்காரர் திட்டுவார். கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய ஒட்டே வுட்டுகீது. புச்சா வாங்கேம்பா" என்றார். இதுவே இருக்கட்டும் என்றேன். "கூட வருவாரே, அவர் எங்க?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். உன் ஊர் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான் என்பது அவருக்கும் தெரியும். முகமூடியை மாட்டிக்கொண்டு விரிசலை ஒட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் அதே ரோடு. இந்த முறை நான் உன் முனையில் நின்றேன். வலது கையில் உன் கையுறை, இடது கையில் ரிமோட். கட்டைவிரல் பக்கம் துணி கருகிப் போய் விறைப்பாக இருந்தது. என் விரல் அதற்குள் சரியாக உட்கார்ந்தது. தொந்தி பைப் எடுத்த எடுப்பிலேயே மண்ணைக் கிளப்பிக்கொண்டு இழுத்தது. நீ சொன்னதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். டேங்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே காரை என் காலடிக்குக் கொண்டுவந்து, குனிந்து, வாயை அடைத்தேன். சூடு துணியைத் தாண்டி விரலில் ஏறியது. கத்தாமல் அடங்கியது.

பழக்கம்போல நிமிர்ந்து மறுமுனையைப் பார்த்தேன். நான் எப்போதும் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. அந்த வெற்று ரோட்டைப் பார்த்துக் கையுறைக் கையைத் தூக்கிக் காட்டினேன். பிறகுதான் ரிமோட்டை அணைத்தேன்.